இணைப்பை மறைத்தால் மட்டும் கோப்பு பாதுகாக்கப்படுமா?

ஆந்திர மாநிலம் நகரி வட்டாரத்தில் விசைத்தறித் தொழிலாளர்களும் ஊரக வேலைத் திட்டப் பயனாளிகளும் அரசு உதவிகளைப் பெறுவதற்காக ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் உள்ளிட்ட விவரங்களை அளிக்கின்றனர். அந்த விவரங்கள் அரசு இணையதளங்களில் எவ்வாறு காக்கப்படுகின்றன என்பது அவர்களது பணத்தோடும் தொடர்புடைய கேள்வியாகும்.

பெங்களூருவில் உள்ள இணையம் மற்றும் சமூகத்துக்கான மையம், 2017 மே மாதம் ஓர் ஆய்வறிக்கையை வெளியிட்டது. நான்கு அரசு இணையதளங்கள் வாயிலாகச் சுமார் 13 கோடி ஆதார் எண்கள் வெளியே தெரிந்திருக்கலாம் என அதில் மதிப்பிடப்பட்டது. அவற்றில் இரண்டு ஆந்திர அரசுடையவை: சந்திரண்ணா பீமா காப்பீட்டுத் திட்ட இணையதளம், நூறு நாள் வேலைத் திட்ட ஊதிய விவர இணையதளம். 2018 ஏப்ரலில் ஆந்திர மாநில வீட்டுவசதிக் கழக இணையதளத்திலும் சுமார் 1.34 லட்சம் பயனாளிகளின் விவரங்கள் வெளியே தெரிந்தது கண்டறியப்பட்டது.

இத்தகைய கசிவுக்குப் பெரிய ஊடுருவல் தேவையில்லை. தேசிய சமூக உதவித் திட்ட இணையதளத்தில் மறைக்கப்பட்டிருந்த விவரங்கள், முகவரியில் இருந்த 'நோலாகின்' என்ற சொல்லை 'லாகின்' என மாற்றியதும் கடவுச்சொல் இன்றியே முழுமையாகத் தெரிந்ததாக அதே ஆய்வறிக்கை குறிப்பிட்டது.

பக்கத்தில் இணைப்பை நீக்கிவிட்டாலும், முகவரியை அறிந்தவரோ ஊகிப்பவரோ கோப்பைத் திறக்க இயலும். தேடுபொறிகளை விலக்கி வைக்கும் 'ரோபாட்ஸ்' கோப்பும் ஒரு வேண்டுகோள் மட்டுமே, தடை அல்ல.

உண்மையான தடை, சர்வரில் அமைய வேண்டும். பாதுகாக்க வேண்டிய கோப்புகளைப் பொதுக் கோப்புறைக்கு வெளியே வைப்பது முதல் படி. ஒவ்வொரு முறை கோப்பு கோரப்படும்போதும் கோருபவர் யார், அந்தக் கோப்பைக் காண அவருக்கு உரிமை உண்டா என்ற இரண்டையும் சர்வர் சரிபார்ப்பது அடுத்த படி. உள்நுழைந்தவர் என்பதாலேயே பிறரது கோப்பைக் காண அனுமதிக்கக் கூடாது. உரிமை இல்லாதவருக்கு '403' என்ற மறுப்புக் குறியீடே கிடைக்க வேண்டும். குறுகிய நேரத்தில் காலாவதியாகும் இணைப்புகளும், யார் எப்போது திறந்தார் என்ற பதிவேடும் கூடுதல் காவலாக அமையும்.

ஆதார் எண்ணைப் பொதுவெளியில் வெளியிடுவதை 2016ஆம் ஆண்டு ஆதார் சட்டம் தடை செய்கிறது. போதிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க 2023ஆம் ஆண்டு எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வழிசெய்கிறது. எனினும், ஒருமுறை வெளியான வங்கிக் கணக்கு எண்ணை எந்த அபராதமும் மீண்டும் மறைத்துவிடாது.