கற்பிட்டிக் குடாநாட்டிற் குடியிருப்பின் வளர்ச்சி

புத்தளம் நகருக்குத் தெற்கேயுள்ள பாலாவிச் சந்தியிற் பிரிந்து வடக்கு நோக்கிச் செல்லும் வீதி, கிழக்கே களப்பும் மேற்கே கடலும் சூழ்ந்த ஒடுங்கிய மணல் நிலத்தினூடாகக் கற்பிட்டியை அடைகின்றது. இவ்வீதியின் மருங்கிலே தென்னந்தோட்டங்களும் வெங்காயப் பாத்திகளும் பற்றைக் காடுமாய்க் கிடந்த காணிகள் பல, இன்று வீடும் பள்ளிவாசலும் பாடசாலையும் நெருங்கிய ஊர்களாய் விளங்குகின்றன. தோட்ட நிலம் குடியிருப்பாதல் புதுமையன்று. கொழும்பிலே கறுவாத் தோட்டம் செல்வர் வாழும் பகுதியாயிற்று; சென்னையிலே 1920களில் ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகர் அமைக்கப்பட்டது. அங்கெல்லாம் பெருகிய நகரமே புறத்தே பரந்து நிலத்தை விழுங்கிற்று. கற்பிட்டியில் நிகழ்ந்தது அவ்வாறன்று. பிறிதொரு மாகாணத்தினின்று வெளியேற்றப்பட்டோர் வந்து குடியேறியமையால் இங்கு ஊர்கள் எழுந்தன.

இக்கரையின் பழமைக்குச் சான்றுகள் உள. 1344ஆம் ஆண்டில் இப்னு பதூதா புத்தளத்திலே ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டார். ஒல்லாந்தர் 17ஆம் நூற்றாண்டிற் கற்பிட்டியிலே கோட்டை கட்டினர். ‘தமிழ் புளூராக்’ என்னும் புலவர் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதிய சைமன் காசிச்செட்டி 1807இற் பிறந்ததும் இவ்வூரிலேயே. ஆயினும் பழங்குடிகள் துறைகளையும் மீன்பிடிக் கரைகளையும் சார்ந்தே வாழ்ந்தனர். இடைப்பட்ட மணல்வெளி நெல்லுக்கு உதவாமையின் தென்னைக்கும், பின்னர் வெங்காயம், மிளகாய், புகையிலை முதலிய தோட்டப் பயிர்களுக்கும் உரியதாயிற்று.

ஆறில்லாத இம்மணலிலே பயிர் விளைவது எங்ஙனம்? மாரி நீர் மணலூடே இறங்கிக் கீழுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. நன்னீர் உவர்நீரினும் இலேசானது. ஆதலின், கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால் அதன்கீழே ஏறத்தாழ நாற்பதடி நன்னீர் தங்கும் என்பது கணக்கு. இதனை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எடுத்துரைத்தவர் கைபன் என்னும் ஒல்லாந்தப் பொறியியலாளர் (கோட்டை கட்டிய அவர்தம் முன்னோர் குடித்ததும் அத்தகைய நீரேயாதல் வேண்டும்). இக்கணக்கைத் திருப்பியும் நோக்குதல் வேண்டும்: மேலே ஓரடி குறையின், கீழிருந்து உவர்நீர் நாற்பதடி ஏறிவரும். ஆழமற்ற கிணற்றில் அளவோடு இறைத்தவரைக்கும் இந்நீர் தோட்டத்துக்குப் போதியதாயிருந்தது.

1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் வடமாகாணத்து முஸ்லிம்கள் அனைவரும் தமிழீழ விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரத்தோர்க்கு அம்மாதம் 30ஆந் திகதி கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலமே. மன்னார்த் தீவினர் பலர் வள்ளங்களிலேறிக் கற்பிட்டிக் கரையை அடைந்தனர். வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 75,000 பேரிற் பெரும்பாலோர்க்குப் புத்தளம் மாவட்டமே புகலிடமாயிற்று. முன்னே ஆசிரியராயும் வணிகராயும் கமக்காரராயும் இருந்தவர்கள் கிடுகுக் கொட்டில்களில் உலர் உணவு நிவாரணம் பெற்று வாழ்ந்தனர். வெங்காயத் தோட்டங்களிலே கூலிக்கு நின்றனர். முதலில் மனமுவந்து இடமளித்த உள்ளூரார்க்கும், கூலி குறைகின்றது, பாடசாலையில் இடமில்லை என்னும் மனக்குறை நாளடைவில் உண்டாயிற்று. அக்குறையை வீண்பொறாமை என்று தள்ளிவிடுதல் நேர்மையாகாது. அவர்களிலும் ஏழைகளே மிகுதி.

முகாம் ஊராக மாறியது காணி வாங்கியதனாலாகும். திரும்பிச் செல்லும் நாள் தள்ளிப்போகவே, வசதியுள்ளோர் தனித்தும் ஏனையோர் கூட்டாகவும் தென்னந்தோட்டங்களைச் சிறுசிறு துண்டுகளாக வாங்கலாயினர். ஓரூரவர் ஓரிடத்தே கூடி வாழ விரும்பினர். புத்தளத்தை அடுத்த நாகவில்லுவில் எருக்கலம்பிட்டி என்னும் மன்னாரூரின் பெயர் பாடசாலைக்கும் வழங்கலாயிற்று. உலக வங்கியின் உதவியுடன் 2007இல் தொடங்கிய வீடமைப்புத் திட்டம் காணி உரிமைக்குச் சான்று கேட்டது. அதுகாறும் பெட்டிக்குள்ளே கிடந்த உறுதியின் அருமை அப்போதே பலர்க்குப் புலனாயிற்று. உறுதியில்லாதார் அதனைப் பெறுதற்கும் அத்திட்டம் துணைசெய்தது. 5,000க்கு மேற்பட்ட கல்வீடுகள் அதனால் எழுந்தன. வீட்டை உரியவரே முன்னின்று கட்டுவித்தமையால், கிடுகு போய் ஓடு வந்ததோடு, தற்காலிகம் என்னும் எண்ணமும் ஒருவாறு நீங்கிற்று.

முற்றாக நீங்கிற்று என்று கூறுதற்கில்லை. 2009இற் போர் முடிந்தபின் சிலர் வடக்கே மீண்டனர். பலர் ஈரிடத்தும் கால் வைத்தனர். முதியோர்க்கு மன்னார் ஊராயிருக்க, இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குப் புத்தளமே ஊராயிற்று. வாக்குரிமையை மன்னாரிற் பதிந்து வைத்தோர் தேர்தல்தோறும் பேருந்தேறிச் செல்ல வேண்டியவராயினர். 2019 நவம்பர் 16இல் நடந்த சனாதிபதித் தேர்தலன்று, அவ்வாறு சென்ற பேருந்துகள்மீது தந்திரிமலைப் பகுதியிலே துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. மன்னாரிற் பதிந்தால் இங்கே அயலார், இங்கே பதிந்தால் அங்கே உரிமை கைவிட்டோர் என்னும் நிலை அவர்களுடையது.

உறுதியினால் தீராத சிக்கலொன்று நிலத்தடி நீரைப் பற்றியது. தோட்டத்துக்கு இறைக்கும் நீரும் வீட்டுக்கு மொள்ளும் நீரும் மணலின்கீழுள்ள ஒரே படையினின்றே வருகின்றன. வெங்காயத்துக்கு இட்ட யூரியாவிற் பயிர் கொள்ளாத பகுதி நைத்திரேற்றாகி மாரியோடு கீழிறங்குகின்றது. தோட்டம் அகன்று வீடு வந்த இடத்திலோ மலசலகூடக் குழி அதே வேலையைச் செய்கின்றது. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. கற்பிட்டிக் கிணறுகள் பலவற்றில் அவ்வளவு கடந்திருத்தலை ஆய்வாளர் கண்டுள்ளனர். அந்நீரிற் பால்மாக் கரைத்து ஊட்டப்படும் கைக்குழந்தைகளுக்கே தீங்கு மிகுதி. அவர்களின் குருதி உயிர்வாயுவைச் சுமக்கும் ஆற்றலிற் குன்றும். களிமண் நிலத்திலே குழிக்கும் கிணற்றுக்கும் இடையிலுள்ள மண் ஓரளவு வடிகட்டும். மணலுக்கோ அவ்வாற்றல் குறைவு. சிறு துண்டுக் காணியில் வீடும் குழியும் கிணறும் அமைந்தபின் அவற்றைத் தூரப்படுத்த இடமுமில்லை. ஒருவர் வளவின் எல்லைக்கு ஒதுக்கிய குழி அயலார் கிணற்றுக்கு அண்மையதாகின்றது.