வாழை காத்திராது

திருச்சிராப்பள்ளியிலிருந்து கரூர் செல்லும் சாலையில் பிரயாணம் செய்திருக்கும் நேயர்களுக்கு ஜீயபுரத்தைப் பற்றி நாம் அதிகம் வர்ணிக்க வேண்டியதில்லை. வடக்கே காவிரி, பேட்டைவாய்த்தலையில் அதனின்றும் பிரிந்து வரும் உய்யக்கொண்டான் வாய்க்கால், சற்று அருகே, 1836-ல் ஸர் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் தலைப்பில் அமைத்த மேலணையாகிய முக்கொம்பு. இவ்வளவு தண்ணீர் சூழ்ந்த பூமியில் வாழை செழிக்காமல் வேறு எங்கே செழிக்கப் போகிறது?

செழிப்பதில் குறைவில்லை. சங்கடமெல்லாம் செழித்த பிறகுதான் ஆரம்பமாகிறது.

நெல்லாயிருந்தால் பத்தாயத்தில் கொட்டி, விலை ஏறும் வரையில் காத்திருக்கலாம். வாழைத்தார் அவ்விதம் காத்திராது. நன்செய் வாழையைப் பெரும்பாலும் மாசி முதல் சித்திரை வரையில் நடுகிறார்கள். ஏறக்குறைய ஓராண்டில் தார் முற்றுகிறது. ஒன்றாக நட்டவை ஒன்றாகவே வெட்டுக்கு வருகின்றன. நடுவில் ஆடிக் காற்று பலமாய் அடித்து விட்டாலோ, முற்றியதும் முற்றாததுமாக மரங்கள் சாய்ந்து விடும். அந்த ஆடியில் கலியாண முகூர்த்தமும் கிடையாது என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். ஓணத்துக்கு நேந்திரமும், ஆயுத பூஜைக்கும் பொங்கலுக்கும் பூவனும் பறந்து போகும். மற்ற நாளில் மண்டியில் தார்கள் மலை போல் குவிந்து கிடக்கும்.

குவிகிற நாளில் எல்லோருக்கும் லாரி வேண்டும். ஆகவே பழத்தின் விலை இறங்குகிற அதே நாளில் வண்டி வாடகை ஏறுகிறது. இரண்டுக்கும் நடுவில் நசுங்குகிறவர் குத்தகைப் பணமும் கடன் வட்டியும் கட்டவேண்டிய குடியானவர்தான்.

"குளிர்ச்சாதன லாரி இருக்கிறதே, கவலை என்ன?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1882-ல் நியூஸிலாந்திலிருந்து 'டனிடின்' என்ற கப்பல் உறைந்த இறைச்சியை லண்டனுக்குக் கெடாமல் கொண்டு சேர்த்தது. 1930-களின் இறுதியில் அமெரிக்காவில் பிரெடரிக் ஜோன்ஸ் என்ற கறுப்பினத்து மேதை, குலுங்கி ஓடும் லாரிக்கு ஏற்ற குளிர் யந்திரத்தைச் செய்து முடித்தார். ஆனால் வாழை, இறைச்சியைப் போன்றதன்று. பச்சைக் காயை 13 அல்லது 14 டிகிரி சென்டிகிரேடில் வைத்தால் உறங்கிக் கொண்டிருக்கும். அதற்கும் கீழே குளிர்ந்தாலோ, தோல் கறுத்து, பிறகு ஒழுங்காகப் பழுக்கவே பழுக்காது. சூடு ஏறினால் விழித்துக் கொள்ளும். ஒரு காய் பழுத்து விட்டால் அது விடும் எத்திலீன் வாயு பக்கத்துக் காய்களையும் எழுப்பி விடும்!

இன்னொரு விஷயமும் உண்டு. குளிர் லாரி, சூட்டைத் தணிக்கும் வண்டியன்று. தணிந்த சூட்டை மறுபடி ஏறவிடாமல் காக்கும் வண்டி. நடுப்பகல் வெயிலில் வெட்டிய தாரை அப்படியே உள்ளே அடுக்கினால், வெளிப்புறம் குளிரும். நடுவில் உள்ளது வெந்து கொண்டிருக்கும். சீப்புச் சீப்பாய் அறுத்து, கழுவி, பெட்டியிலிட்டு, ஊரிலேயே குளிரவைத்த பின்னரே ஏற்ற வேண்டும். ஆகவே, குளிர்ச் சங்கிலியின் முதற் கண்ணி லாரியில் இல்லை. தோட்டத்தின் ஓரத்தில் இருக்கிறது.

லாரிக்காரரின் கஷ்டத்தையும் சொல்லத்தான் வேண்டும். சாதாரண லாரியைவிடக் குளிர் லாரிக்கு விலை அதிகம். நின்றாலும் ஓடினாலும் குளிர் யந்திரத்துக்கு எண்ணெய் வேண்டும். வெட்டு ஓய்ந்த மாதங்களில் சரக்கில்லை. கடன் தவணைக்கோ ஓய்வில்லை. போகும்போது பழம், திரும்பும்போது வெறும் காற்று என்றால், அந்தக் காற்றுக்கும் வாடகை பழத்தின் தலையில்தானே விழும்? ஆகையால் அவர் மாம்பழத்தையோ, மீனையோ, மருந்தையோ நாடிப் போய் விடுகிறார். மறுபடி தார் குவியும்போது வண்டி அகப்படுவதில்லை.

உலகில் வாழை விளைவிப்பதில் நம் தேசமே முதலாவது. ஏற்றுமதியில் முதலாவதாக நிற்பதோ ஈக்வடார். நம் மண்ணும் மக்களும் குறைந்தவர்களா? இல்லை, அங்கே வெட்டும் நாளும் கப்பல் நாளும் முன்கூட்டியே பொருந்தியிருக்கின்றன.

இங்கேயும் அது முடியாத காரியமன்று. திருச்சிக்கு அருகே தாயனூரில் 1993 முதல் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது, அறிவுக்குப் பஞ்சமில்லை. ஊரார் கூடிப் பேசி, பத்து நாள், பதினைந்து நாள் இடைவெளி விட்டு நட்டால் வெட்டும் பரவும். நாலைந்து கிராமங்கள் சேர்ந்து ஒரு குளிர் அறை கட்டலாம். ஆண்டு முழுவதற்கும் லாரிக்காரருடன் ஒப்பந்தம் செய்துகொண்டால் அவருக்கும் நிம்மதி. தனி ஒருவருக்குக் கிட்டாத பேரம் நூறு பேருக்குக் கிட்டும்.

அடுத்த முறை தாம்பூலத் தட்டில் இரண்டு பூவன் பழத்தை வைக்கும்போது, அவை வந்து சேர்ந்த வழியையும் நேயர்கள் சற்று நினைத்துப் பார்க்க வேண்டுகிறோம். காவிரி தன் கடமையைச் செய்து விட்டது. எஞ்சியிருப்பது நம்முடைய கடமை.