முதலில் அண்டை வீட்டார், பிறகு வீடு

மருத்துவமனையிலிருந்து நோயாளியை வீட்டிற்கு அனுப்பும் நாளில் மருத்துவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "வீட்டில் உடன் இருப்பவர் யார்?" "யாரும் இல்லை" என்னும் விடை எங்களுக்குக் கவலை அளிப்பது. 2010ஆம் ஆண்டில் வெளியான, 148 ஆய்வுகளைத் தொகுத்த பகுப்பாய்வு ஒன்று, வலுவான சமூக உறவுகள் உடையோர் உயிர்வாழும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 50 விழுக்காடு கூடுதல் எனக் காட்டியது.

பிள்ளைகள் தொலைவில் வாழும்போது அத்தகைய உறவை எங்கே தேடுவது? டென்மார்க்கில் 1970களில் தோன்றிய கூட்டுக் குடியிருப்பு முறை இதற்கு ஒரு வழியைக் காட்டுகிறது. இதில் ஒவ்வொருவருக்கும் சமையலறையுடன் கூடிய தனி வீடு உண்டு. உணவுக்கூடமும் தோட்டமும் அனைவருக்கும் பொது. இது முதியோர் இல்லம் அன்று. நிர்வாகம் குடியிருப்போர் கையிலேயே இருக்கும்.

லண்டனின் ஹை பார்னெட் பகுதியில் உள்ள 'நியூ கிரவுண்ட்', 50 வயதைக் கடந்த பெண்களுக்கான அத்தகைய குடியிருப்பு. 1998இல் முயற்சி தொடங்கியது. 25 வீடுகளில் குடியேற 2016 வரை காத்திருக்க நேர்ந்தது. எனினும், அந்தக் காத்திருப்பில் ஒரு நன்மையும் விளைந்தது. குடியேறும் முன்பே அவர்கள் ஒருவரையொருவர் அறிந்திருந்தனர். வசதி குறைந்தோருக்கென 8 வீடுகள் வாடகைக்கு ஒதுக்கப்பட்டன.

இத்தகைய முயற்சியில் இறங்க விரும்புவோர், நிலம் தேடுவதற்கு முன் மனிதர்களைத் தேட வேண்டும். விளம்பரத்தைக் கண்டு வருவோரை உடனே சேர்த்துக்கொள்ளாமல், சில மாதங்கள் கூடி உண்டு, கூடிப் பணி செய்து பழகுவது நல்லது. பணப் பங்கீடு, உணவுப் பழக்கம், கருத்து வேறுபட்டால் முடிவெடுக்கும் முறை ஆகியவற்றை எழுத்தில் வகுத்துக்கொள்ளுங்கள். அனைவரும் ஒரே வயதினராக இருந்தால் அனைவரும் ஒருசேரத் தளர்வர்; ஆகவே, வயதில் இளையோரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒருவர் படுக்கையில் விழுந்தால் என்ன செய்வது என்பதையும் தயங்காமல் பேசுங்கள். காலையில் கதவு திறக்கவில்லை என்பதைக் கவனிப்பதும், மருத்துவமனைக்கு உடன் வருவதும் அண்டை வீட்டாரால் இயலும். நீண்டகாலப் பணிவிடையை அவர்கள் தலையில் சுமத்துதல் தகாது. அதற்குப் பயிற்சி பெற்ற பணியாளர் தேவை.

குடியிருப்பு அமைக்க இயலாதோரும், நம்பிக்கைக்குரிய அண்டை வீட்டார் ஒருவரிடம் மாற்றுச் சாவியையும், உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலையும், பிள்ளைகளின் தொலைபேசி எண்களையும் கொடுத்து வைக்கலாம். அந்த நம்பிக்கை வளர ஆண்டுகள் ஆகும். ஆதலால், உடல் நலமாக இருக்கும்போதே பழகத் தொடங்குங்கள்.