பரிசல் ஏறும் முன்பு

படகில் மிதந்தபடி விடுமுறையைக் கழிக்க மாலத்தீவு, லட்சத்தீவு என்று பலர் திட்டமிடுகிறார்கள். அங்கெல்லாம் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை கடல் கொந்தளிக்கும். எந்த ஊர் என்று முடிவெடுக்கும் முன் எந்த மாதம் என்று பார்க்க வேண்டும்.

தருமபுரி மாவட்டத்து ஒகேனக்கல்லில் பரிசல் ஏறுவதற்கும் இதே கணக்குதான். இங்கே வானம் வெளுத்திருக்கும்; ஆனால் குடகிலும் வயநாட்டிலும் கொட்டும் மழையில் கிருஷ்ணராஜ சாகர், கபினி அணைகள் நிரம்பி, திறந்துவிட்ட நீர் காவிரியில் பாய்ந்து வரும். ஒகேனக்கல்லுக்கு மேலே ஆற்றோரம் உள்ள பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் அந்த வரத்தை அளக்கிறது. அளவு கூடினால் மாவட்ட நிர்வாகம் பரிசல் இயக்கத் தடை விதிக்கும்.

மூங்கில் பின்னலில் வட்டமாகச் செய்த பரிசலுக்கு முனையும் இல்லை, சுக்கானும் இல்லை. ஒற்றைத் துடுப்பால் பாறைகளுக்கு இடையே அதைச் செலுத்துவது பரிசல் ஓட்டியின் அருமையான கைத்திறன். அவர் காட்டும் இடத்தில் உட்காருங்கள். நடு ஆற்றில் எழுந்து நிற்கவே கூடாது.

வெள்ளம் வடிந்த டிசம்பர், ஜனவரி மாதங்கள் ஏற்றவை. கிளம்பும் முன் அன்றைய நீர்வரத்தை விசாரியுங்கள். லைஃப் ஜாக்கெட் அணியாமல் பரிசலில் கால் வைக்காதீர்கள்.