மின்னணுப் பலகையைப் பழுது பார்த்தல்

பம்பு செட்டின் தானியங்கி ஸ்டார்ட்டர், எல்.இ.டி. விளக்கு, பேட்டரித் தெளிப்பான் ஆகியவை இன்று கிராமங்களில் பரவியுள்ளன. இவற்றின் சர்க்யூட் பலகையில் ஒரே ஓர் உறுப்பு கெட்டாலும் கருவி முழுவதும் நின்றுவிடக்கூடும். கதிர் பூக்கும் தருணத்தில் நீர் இறைப்பது தடைப்படின் விளையும் நஷ்டத்தை விவசாயிகள் நன்கறிவர். கெட்ட உறுப்பை மட்டும் மாற்றக் கற்றால், புதிய பலகை வாங்கும் செலவு மிச்சமாகும்.

இத்தொழிலின் அடிப்படை நமக்குப் புதிதன்று. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவோர் நவச்சாரத்தால் பரப்பைத் தூய்மை செய்தே வெள்ளீயம் பூசுகின்றனர். பலகையில் அவ்வேலையைச் செய்வது ரோசின் கலந்த பிளக்ஸ். நவச்சாரம் மெல்லிய செம்புத் தடங்களை அரிக்குமாதலால் இங்கு அது கூடாது.

வெள்ளீயம் 63 பங்கும் காரீயம் 37 பங்கும் கலந்த பற்று 183 டிகிரி செல்சியஸில் உருகும். 2006-இல் ஐரோப்பிய ஒன்றியம் காரீயத்தைக் கட்டுப்படுத்திய பின், பல பலகைகளில் காரீயமற்ற பற்றே உள்ளது. வெள்ளீயத்துடன் வெள்ளியும் செம்பும் கலந்த அவ்வகை உருக ஏறத்தாழ 217 டிகிரி வேண்டும். அதன்மேல் 63-37 பற்றைச் சிறிது சேர்த்தால் கலவை குறைந்த சூட்டிலேயே இளகும்.

வேலைக்கு முன் மின் இணைப்பை அகற்றுக. 230 வோல்ட் மின்சாரத்தில் இயங்கும் பலகையின் கண்டென்சரில் சுமார் 325 வோல்ட் தேங்கியிருக்கலாம். அது வடிந்துவிட்டதை மீட்டரால் உறுதி செய்த பின்னரே பலகையைத் தொடுக.

எட்டுக் கால் ஐ.சி. ஒன்றை மாற்றுவதாகக் கொள்வோம். அதன் கால்களுக்கிடையே உள்ள தூரம் 1.27 மில்லிமீட்டரே. முதற் காலைக் காட்டும் புள்ளி எப்பக்கம் உள்ளதெனக் குறித்துக்கொள்க. பிளக்ஸ் தடவி, ஒரு பக்கத்து நான்கு கால்களையும் ஒரே பற்றால் இணைத்திடுக, மறுபக்கமும் அவ்வாறே. சூட்டுக்கோலை இருபக்கமும் மாறிமாறி வைத்தால், பற்று முழுதும் இளகி ஐ.சி. எளிதில் விடுபடும். வலிந்து இழுப்பின் செம்புத் திட்டு பெயர்ந்துவிடும். மிஞ்சிய பற்றைச் செப்புப் பின்னல் நாடாவால் உறிஞ்சி எடுக்கவும்.

புதிய ஐ.சி.யை வைத்து, எதிரெதிர் மூலைக் கால்கள் இரண்டை முதலில் பற்றவைத்து, எல்லாக் கால்களும் நேராக உள்ளனவா என்று பார்த்த பின் மற்றவற்றைப் பற்றவைக்கவும். இரு கால்கள் ஒட்டிக்கொண்டால் பிளக்ஸ் தடவி, பின்னல் நாடாவால் நீக்கலாம். பூதக்கண்ணாடியாலும் மீட்டராலும் சோதித்த பின்னரே மின்சாரம் கொடுக்க வேண்டும்.

காரீயம் நஞ்சு, குழந்தைகளுக்குப் பெருங்கேடு. இவ்வேலையைச் சமையலிடத்தில் செய்யலாகாது. காற்றோட்டமான இடத்தில் செய்து, முடிந்ததும் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுதல் அவசியம். லித்தியம் பேட்டரியின் மீது சூட்டுக்கோல் படவே கூடாது.

ஊராட்சி மன்றங்கள் ஒரு சூட்டுக்கோல், பூதக்கண்ணாடி, மீட்டர் ஆகியவற்றைப் பொதுவிடத்தில் வைத்து ஆர்வமுள்ள இளைஞருக்குப் பயிற்சியளிக்கலாம். பயனற்ற பலகைகளைக் குப்பையில் எரிக்காது, பதிவு பெற்ற மின்னணுக் கழிவு நிலையத்தாரிடம் சேர்ப்பதும் ஊரின் கடமையாகும்.