ஊருக்கொரு முல்லர்

ஜெர்மனியிலும் அண்டை நாடான சுவிட்சர்லாந்திலும் மிகுதியாக வழங்கும் குடும்பப் பெயர் 'முல்லர்'. அரவை ஆலையை நடத்துபவரைக் குறிக்கும் இத்தொழிற்பெயரை இன்று ஜெர்மானியர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர் தாங்கியிருக்க, இடைக்காலத்தில் அந்நாட்டு மக்களில் மிகப் பெரும்பாலோர் செய்த உழவுத் தொழிலைக் குறிக்கும் 'பவர்' என்ற பெயரோ எண்ணிக்கையில் அதற்குப் பின்தங்கியே நிற்கிறது.

முரண்போலத் தோன்றும் இதற்கான காரணம், குடும்பப் பெயர்கள் தோன்றிய முறையிலேயே இருக்கிறது. யோகனஸ், ஹைன்ரிஷ், கொன்ராட் எனச் சில ஞானஸ்நானப் பெயர்களே ஊர்தோறும் திரும்பத் திரும்ப வழங்கியதால், 12ஆம் நூற்றாண்டு முதல் வரிக் கணக்கும் நிலப் பத்திரமும் எழுதியவர்கள் ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்தறிய ஓர் அடைமொழியைச் சேர்க்கத் தொடங்கினர். எல்லாரும் உழவராயிருந்த ஊரில் ஒருவரை உழவர் என்று எழுதிப் பயனில்லை. ஆனால் ஆலைக்காரர் ஊருக்கு ஒருவரே என்பதால், அவரை அத்தொழிலால் குறித்தாலே போதுமானதாயிற்று. ஊருக்கு ஒருவராக இருந்தவர்களின் வழித்தோன்றல்கள் நாடு முழுவதற்குமாகக் கூட்டப்படும்போது, அரிதாக இருந்த அடையாளமே பெரும்பான்மைப் பெயராகிவிடுகிறது.

ஆலைக்காரரை ஊரார் மறக்க முடியாததற்கு வேறு காரணங்களும் உண்டு. ஓடை நீரால் சக்கரம் சுழலும் ஆலையைக் கட்டப் பெரும்பொருள் தேவைப்பட்டமையால் அது பெரும்பாலும் நிலப்பிரபுவின் உடைமையாக இருந்தது. அவரது ஆளுகைக்குட்பட்ட குடியானவர்கள் அங்கேதான் தானியத்தை அரைக்க வேண்டும் என்ற கட்டாயமும் பல இடங்களில் நிலவியது. அரவைக்கூலியைத் தானியத்தின் ஒரு பங்காகவே எடுத்துக்கொண்ட ஆலைக்காரர்மீது, அளவில் கைவைக்கிறார் என்ற ஐயம் எப்போதும் படிந்திருந்தது. கைவினைஞர் சங்கங்களில் சேரத் தகுதியற்ற, மதிப்புக் குறைந்த தொழிலினராக அவர்கள் சில பகுதிகளில் ஒதுக்கப்பட்டிருந்தமையால், அவ்வாறு ஒதுக்கலாகாது என்று 1548ஆம் ஆண்டின் பேரரசு ஆணை வெளிப்படையாகக் கூற நேர்ந்தது. இத்தனை ஏச்சுக்கும் ஆளான தொழிலின் பெயர், பிள்ளைகள் அத்தொழிலைக் கைவிட்ட பின்னும் நிலைத்தது வியப்புக்குரியதே.

பிற்கால லத்தீனின் 'மொலினாரியுஸ்' என்பதிலிருந்து பிறந்து, இடைக்கால ஜெர்மனில் 'முல்னர்' என வழங்கிய சொல்லில் னகரம் லகரத்தோடு ஒன்றி 'முல்லர்' ஆனது. பழைய வடிவம் பவேரியா, ஆஸ்திரியா பகுதிகளில் எஞ்சியிருக்க, வடக்கே 'மோலர்' என்ற வடிவம் பரவியது. லத்தீன் மோகம் கொண்ட சிலரோ 'மொலிட்டோர்' என்று எழுதிக்கொண்டனர். மாதாகோவில் பதிவேடுகளில் எழுதுபவரின் காதுக்கேற்ப மாறிவந்த எழுத்துமுறை, பேரரசு முழுவதற்குமான குடிமைப் பதிவுச் சட்டம் 1876 சனவரி முதல் நடைமுறைக்கு வந்த பின்னரே உறுதிப்பட்டது. அமெரிக்காவில் குடியேறியவர்கள் பலர் 'மில்லர்' ஆகி, அதே பொருளுடைய ஆங்கிலப் பெயருக்குள் கலந்துவிட்டனர். ஆஸ்திரியாவிலோ, பள்ளமான இடத்தில் வாழ்பவரைக் குறிக்கும் 'குருபர்' என்ற பெயரே முதலிடம் பெறுகிறது. தனித்தனிப் பண்ணைகளாகச் சிதறிக் கிடந்த மலைநாட்டில் நிலத்தின் அமைப்பே ஆளுக்கு அடையாளமாயிற்று.

பிரித்துக் காட்டுவதற்காகப் பிறந்த பெயர், பெருகிய பின் அவ்வேலைக்கு உதவாமற்போனது. ரிக்வேதத்தைப் பதிப்பித்த அறிஞர், தந்தை வில்ஹெல்ம் முல்லரிடமிருந்து வந்த பெயர் மட்டும் போதாதென்று தம் இயற்பெயரின் ஒரு பகுதியையும் குடும்பப் பெயரோடு இணைத்து 'மாக்ஸ் முல்லர்' ஆனார். சென்னை உள்ளிட்ட இந்திய நகரங்களிலுள்ள ஜெர்மன் பண்பாட்டு மையங்கள் அந்த இணைப்பெயரையே தாங்கியுள்ளன. சுவிட்சர்லாந்தின் துர்காவ் மாநிலத்தில் பிறந்த தாவரவியலர் ஹெர்மன் முல்லர் தம் மாநிலப் பெயரைச் சேர்த்துக்கொண்டதால், 1882இல் அவர் உருவாக்கிய வெள்ளைத் திராட்சை வகை, ஜெர்மானியத் தோட்டங்களில் இன்றும் 'முல்லர்-துர்காவ்' என்றே பயிராகிறது.