பழைய காரில் பாட்டோடு சேர்ந்து 'ங்ங்ய்ங்...' சத்தமா? புது ஸ்டீரியோ வாங்கும் முன் இதைப் பாருங்க!

முதலியார்பேட்டை, கடலூர் சாலைப் பக்கம் பழைய மாருதி 800, அம்பாசிடர் ஓட்டுபவர்களுக்கு இந்தத் தொல்லை தெரிந்திருக்கும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஸ்பீக்கரில் விசில் மாதிரி ஒரு சத்தம் ஏறும். காலை எடுத்தால் இறங்கும். 'செட்டு போயிடுச்சு' என்று புதுசு மாட்டினாலும் பல நேரம் சத்தம் போகாது. ஏன்?

சத்தம் எங்கிருந்து வருது?

ஆல்டர்னேட்டர் தயாரிப்பது ஏ.சி. மின்சாரம். உள்ளே இருக்கும் டையோடுகள் அதை டி.சி. ஆக்குகின்றன. அப்படியும் கொஞ்சம் அலைவு மிச்சமிருக்கும். எர்த் இணைப்பு சரியாக இருந்தால் அது காதுக்கு எட்டாது. எர்த்தில் துரு ஏறினால் அதுவே விசிலாகக் கேட்கும். புதுச்சேரி போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று துருவை வேகப்படுத்தும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

* எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பி, பாட்டு போடுங்கள். அப்பவும் இரைச்சலா? செட்டையும் அதன் வயர்களையும் பாருங்கள்.

* எஞ்சின் வேகத்தோடு விசில் ஏறி இறங்குதா? எர்த் அல்லது ஆல்டர்னேட்டர்.

* 'டிக் டிக்' என்று வேகமாகத் துடிக்குதா? பெட்ரோல் கார் என்றால் ஸ்பார்க் பிளக், அதன் வயர்.

* எஃப்.எம்.மில் மட்டும் வருது, பென் டிரைவில் இல்லையா? ஆன்டெனா வழியாக வருகிறது.

* போன் சார்ஜரைக் கழற்றினால் நிற்குதா? சார்ஜர்தான் குற்றவாளி.

முதலில் என்ன செய்யணும்?

பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். செட்டின் எர்த் வயர் (பெரும்பாலும் கறுப்பு) பாடியில் சேரும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, பளிச்சென்ற இரும்பில் இறுக்குங்கள். ஆம்ப்ளிஃபயர் இருந்தால் அதன் எர்த்தையும் பாருங்கள். செலவு ஒரு உப்புத்தாள்தான்!

அப்படியும் போகலையா?

மெக்கானிக்கிடம் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் சுமார் 13.8 முதல் 14.4 வோல்ட் டி.சி. இருக்கணும். ஏ.சி. அளவு அரை வோல்ட்டைத் தாண்டினால் ஆல்டர்னேட்டர் டையோடு போயிருக்க வாய்ப்பு அதிகம்.

இதைக் காணாமல் விட்டால் பேட்டரியும் கெட்டு, ஒருநாள் வண்டி நடுரோட்டில் நிற்கும். நாய்ஸ் ஃபில்டர் மாட்டினால் சத்தம் அடங்கலாம். கோளாறு அப்படியேதான் இருக்கும். அதனால் ஃபில்டர் கடைசி வழிதான்.